அம்புக்குறி இல்லாத வார்

"அழகரெத்தினம், இது வெள்ளைக்காரன்ட அசல் வாரா இல்லையா? நீ சொல்லு. நீ சொன்னாத்தான் இவன் வாயப் பொத்துவான்."

கச்சிமுகம்மது ஒரு கையால் சாரனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடுப்பு வாரைக் கழற்றி அழகரெத்தினத்தின் தையல் மேசையில் போட்டார்.

'இவன்' என்றது பக்கத்தில் நின்ற மச்சான் மஜீட்டை. சாய்ந்தமருதில் இருக்கிற சங்கங்கள் எல்லாவற்றுக்கும் மஜீட்தான் செயலாளர். பேசிப் பழகியவர், நிரூபித்துப் பழகியவர் அல்ல.

போன வருடத் தமிழ்-முஸ்லிம் குழப்பத்துக்குப் பிறகு, முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதிலிருந்து தமிழ் ஊரான காரைதீவுக்கு ஆள் வருவது குறைவு. இவர்கள் வந்ததற்குக் காரணம் இருந்தது. பழைய பட்டாளத்துத் தோல் சாமான்களில் அடித்திருக்கும் முத்திரையை வாசிக்கத் தெரிந்தவர் இந்தப் பக்கம் அழகரெத்தினம் ஒருவர்தான். திருக்கோணமலையில் வெள்ளைக்காரனின் தோல் ஸ்டோரில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரன் போய்விட்டான். அவன் விட்டுப்போன வாரையும் பையையும் தைத்து விற்று இவர் பிழைக்கிறார்.

"ஜப்பான்காரன் திருக்கோணமலையில குண்டு போட்ட அண்டைக்கு, ஒரு துரைய நெருப்புக்குள்ள இருந்து இழுத்துப் போட்டவன் நான்," என்றார் கச்சிமுகம்மது. "அந்த மனுசன் தன்ட இடுப்புல கிடந்தத கழட்டித் தந்த வார் இது."

"கொழும்புல, புறக்கோட்டைக் கடையில வாங்கின வார்," என்றார் மஜீட். "பட்டாளத்துச் சாமான் எண்டா அம்புக்குறி அடிச்சிரிக்கும். சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எங்க மச்சான் அம்பு? துரையோட சேந்து எரிஞ்சிட்டோ?"

"அசல் எண்டா வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல எல்லாருக்கும் முன்னால நீ எனக்கிட்ட மாப்புக் கேக்கணும்."

"கேக்கிறன். பொய் எண்டா இந்தக் குண்டுக் கதைய இத்தோட விடணும்."

"விடுறன்."

அழகரெத்தினம் பூதக்கண்ணாடியை எடுத்தார். வாரை இரண்டு பக்கமும் புரட்டினார். அம்பு இல்லை. வாரின் கொக்கி தைத்திருந்த மடிப்பில் நாலைந்து தையலைப் பிரித்து, தோலைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

நெடுநேரம் பார்த்தார்.

"என்ன, இரிக்கா?"

"காக்கா, இத எப்ப எப்ப கட்டுவீங்க?"

"இதென்ன கேள்வி? எப்பவும்தான். இது இல்லாம நான் ஒரு வக்துத் தொழுததில்ல. வாற மாசம் ஹஜ்ஜுக்கும் இதோடதான் போறன். இஹ்ராம் துணிக்கு மேல வார் கட்டலாமெண்டு ஆலிம்கிட்டயும் கேட்டுப்போட்டன்."

"தோல் பழசு, காக்கா. வழியில அறுந்துபோம். இஞ்ச வச்சிட்டுப் போங்க. ஹஜ் முடிச்சிட்டு வாங்க, ஆறுதலாப் பாத்துச் சொல்றன்."

"அறுந்தா முடிஞ்சு கட்டுறன். நான் மவுத்தானாத்தான் இது இந்த இடுப்பவிட்டு இறங்கும்."

மஜீட் சிரித்தார். "இவருக்கு வாசிக்கத் தெரியல்ல, மச்சான். எழும்புங்க. எங்கட இங்கிலிசு மாஸ்டரிட்டக் காட்டுவம். முத்திரை இரிந்தா அவர் எழுத்துக்கு எழுத்து வாசிப்பார்."

"ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்ல," என்றார் அழகரெத்தினம். "இது பொய்ச் சாமான்."

"என்ன?"

"அம்பும் இல்ல. கம்பனி முத்திரையும் இல்ல. புறக்கோட்டைச் சாமான்தான்."

மஜீட் கை தட்டினார். "குண்டு இப்பதான் வெடிச்சிரிக்கு, மச்சான்!"

கச்சிமுகம்மது வாரைத் திரும்பவும் அவர் பக்கம் தள்ளினார். "வடிவாப் பாரு, அழகரெத்தினம். வல்லாஹி, அந்த மனுசன் தன்ட கையால தந்த வார்."

"தந்திருப்பார். பொய்ச் சாமானத் தந்திருப்பார்."

"அப்ப அந்தத் துரையும் என்னை ஏச்சுப்போட்டானா?"

அழகரெத்தினம் பிரித்த மடிப்பைத் திரும்ப மூடினார்.

"வெட்டிக் குப்பையில போடு," என்று கச்சிமுகம்மது எழுந்தார்.

"என்னத்துக்கு வெட்டுற? தாங்க, மாட்டுக்குக் கட்டுவம்," என்று மஜீட் கை நீட்டினார். அழகரெத்தினம் வாரை இழுத்துத் தன் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"இஞ்ச கிடக்கட்டும். சைக்கிள் சீற்றுக்கு உதவும்."

"பொய்ச் சாமானுக்கு இவ்வளவு ஆசையா?" மஜீட் கண்ணைச் சுருக்கினார். "எங்கட ஆக்கள்ட சாமான் எண்டா உங்களுக்கு ஒரு ருசிதான்."

"வா மஜீட்," என்றார் கச்சிமுகம்மது.

பெரிய றோட்டு வழியே, சாரனை இடுப்பில் இறுக்கிப் பிடித்தபடி அவர் நடந்தார். பின்னால் மஜீட், கண்டவர்களுக்கெல்லாம் செய்தி சொல்லிக்கொண்டு போனார். பொழுது சாய்வதற்குள் கதை இரண்டாகிவிட்டது. சாய்ந்தமருதில் கச்சிமுகம்மது பொய்க்காரன். காரைதீவில் அழகரெத்தினம், ஹஜ்ஜுக்குப் போகிற மனுசனின் வாரை அமுக்கியவன்.

உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த மனைவி மீனாம்பிகை தேத்தண்ணியைக் கொண்டுவந்து ஓசை கேட்க வைத்தாள்.

"அந்த மனுசன் பொய் சொல்ற ஆள் மாதிரித் தெரியல்லயே."

"அவர் சொன்னது முழுக்க உண்மை."

"என்ன?"

"அம்பு அடிக்கிறது அரசாங்கம் குடுக்கிற சாமானுக்கு. இது துரைமார் தங்கட காசில செய்விக்கிறது. இதுக்கு அம்பு வராது. கம்பனி முத்திரை மட்டும்தான்."

"முத்திரையும் இல்லயெண்டுதானே சொன்னீங்க?"

"இரிக்கு."

மீனாம்பிகை அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தாள் முஸ்லிம் எண்டதாலயா அப்படிப் பொய் சொன்னீங்க?"

அவர் மடிப்பை விரித்து, பூதக்கண்ணாடியையும் வாரையும் அவள் கையில் கொடுத்தார்.

மீனாம்பிகை மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எழுத்துக்கூட்டி வாசித்தாள். கம்பனியின் பெயர். ஊர். வருடம். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், எந்த மிருகத்தின் தோல் என்று அடித்திருந்தது.

பன்றி.