தலைவரின் டெலிவரி நாள்

கம்பெனித் தலைவர்கள் மாதத்தில் ஒரு நாள் கடைநிலை வேலை பார்த்தே தீர வேண்டும் என்று சட்டம் வந்தபின், டெலிவரி ஆப் முதலாளி ரகோத்தமன் தன் கம்பெனியின் டெலிவரிக்கார ஜெசிந்தாவிடம் தொழில் பழக வந்து சேர்ந்தார்.

வேளச்சேரியில் நல்ல மழை. லிஃப்டில் ஏறக்கூடாது என்று வாட்ச்மேன் விரட்ட, மூச்சு வாங்க நாலு மாடி ஏறினார். தாமதம் என்று சொல்லி ஆப் அவரது ஐடியை முடக்கிவிட்டது. பதறிப்போய் அதிலேயே புகார் கொடுத்தார்.

பதில் உடனே வந்தது: ‘உங்கள் புகார் தலைவரின் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது. காத்திருக்கவும்.’

மனுஷன் முழித்த முழியில் ஜெசிந்தாவுக்கு நனைந்த அலுப்பெல்லாம் பறந்தது. இரண்டு டீ சொன்னாள்.

“குடிங்க சார். அந்த ஆளு எதையும் பாக்க மாட்டாரு. நாங்க அனுப்பாத புகாரா?”