பூட்டியிருக்கும் முள்

வானொலிச் சங்கத்தின் ஜன்னலோர மேசையில் பழைய ராணுவ டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. காலை வெயில் அதன் பச்சைப் பூச்சின்மேல் சாய்ந்து விழுகிறது. ராணுவத்தில் தான் இயக்கிய அந்தக் கருவியை அப்பா பிறகு ஏலத்தில் மீட்டு வந்தார். அது என்ன வகை, அவர் எந்த அலைவரிசையில் பேசினார் என்று கேட்கத்தான் மகள் தூக்கி வந்திருக்கிறாள். இப்போது அவள் கண் செயலாளரின் கையிலிருக்கும் பஞ்சை விட்டு நகரவில்லை. மாடல் எண்ணைப் படிக்கிறேன் என்று அவர் ஸ்பிரிட் தொட்டு முகப்பு முழுவதையும் துடைத்துவிட்டார். அலைவரிசை வட்டில் அப்பா போட்டிருந்த பென்சில் கோடுகள் பஞ்சில் கறுப்பாக ஒட்டியிருக்கின்றன.

"பாருங்கம்மா, பளபளன்னு ஆயிருச்சு! எவ்வளவு அழுக்கு!"

"அழுக்கா? அது எங்கப்பா கையால போட்ட கோடு சார். யாரு உங்களைத் துடைக்கச் சொன்னா?"

செயலாளர் சிரித்து மழுப்பியபடி குமிழைத் திருகப் போகிறார். சங்கத்தின் இன்னொரு உறுப்பினரான டெலிபோன் லைன்மேன் அவர் மணிக்கட்டைப் பிடிக்கிறார்.

"கையை எடுங்க. முள்ளை அசையவிடாத பூட்டுத் திருகு இறுகியிருக்கு, தெரியலையா? ஏம்மா, வீட்ல யாராச்சும் இதைத் தொட்டாங்களா?"

"அப்பாவுக்கப்புறம் யாருமே தொடலண்ணே."

"அப்ப அவர் கடைசியா வச்ச இடத்துலயேதான் முள் நிக்குது."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டுகிறார்.

"நீயே போடும்மா."

மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் செயலாளரை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முள்ளுக்கு நேர் கீழே கோடு கிழிக்கிறாள். அழுத்திய வேகத்தில் பென்சில் முனை முறிந்து தெறிக்கிறது. கோடு மட்டும் கறுத்து, ஆழமாக விழுந்திருக்கிறது.