எலி கடித்த ஒயர்

"மூணாவது தடவைங்க. பேசாம கடைப் பேரையே 'மறுபடியும் வாங்க'ன்னு மாத்திடுங்க."

அப்பாவின் காரோடு வந்திருந்த மகன் இப்படிச் சொன்னதும் பெஞ்சில் காத்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். மின்னலுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

கார் எலக்ட்ரீஷியனான அவனுக்கு மின்னல் என்று பெயர் வந்ததே வேலையில் ஆமை என்பதால்தான். ஆனால் அவன் கை பட்ட வேலை திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இருபது வருஷத்துப் பெயர். அதற்குத்தான் இந்தப் பழைய கார் வேட்டு வைத்துக்கொண்டிருந்தது.

நாற்பது வருஷத்துக்கு முந்திய கார். ஹெட்லைட்டை அணைக்காமல் கதவைத் திறந்தால் 'கீ'யென்று கத்துவதற்கு, டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன பஸ்ஸர். இரண்டு மாதத்துக்கு முன்னால் அது செத்துப்போனது. மின்னல்தான் கடை கடையாக அலைந்து, அதே மாதிரி ஒன்றைப் பிடித்து மாட்டினான். பத்தே நாளில் ஊமையாகி வந்தது. பார்த்தால் ஒயர் அறுந்திருந்தது. எலி கடித்திருக்கும் என்று ஒட்டிக் கொடுத்தான். இதோ, மறுபடியும்.

மகன் படபடவென்று கொட்டினான். பஸ்ஸர் கத்தாததால் இவர் லைட்டை எரியவிட்டு இறங்கிப் போய்விடுகிறாராம். காலையில் பார்த்தால் பேட்டரி காலி. ஆபீஸ் கிளம்பும் நேரத்தில், தேய்த்துப் போட்ட சட்டையோடு, தெருக்கோடி வரை இவன்தான் காரைத் தள்ள வேண்டியிருக்கிறதாம்.

"ஞாபகமா அணைக்கச் சொல்லுங்க அவரை."

'அவர்' அவனுடைய அப்பா. ஓர் அடி தள்ளி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரின்னு சொல்லு தம்பி," என்றார் அவரும் மின்னலிடமே.

நான் என்ன தபால்காரனா என்று நினைத்துக்கொண்டே மின்னல் டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்தான்.

பஸ்ஸரைக் கழற்றி ஒரு பேட்டரியில் தொட்டுப் பார்த்தான். கடையே அதிரும்படி கத்தியது. சரக்கில் குற்றமில்லை. டார்ச் அடித்து ஒயரைத் தடவிக்கொண்டே போனான். போன தடவை ஒட்டிய இடத்துக்கு அரை விரல் தள்ளி, ஒயர் இரண்டாக இருந்தது. கத்தரிக்கோலால் வெட்டிய சுத்தமான வெட்டு. போதாததற்கு, வெட்டிய முனைகள் எங்கேயும் பட்டுவிடாமல், குழந்தை விரலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி பச்சை டேப்.

மின்னலுக்குப் போன உயிர் வந்தது. பெரியவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் பெஞ்சில் நாலு பேர் இருந்தார்களே.

வெளியே வந்து குரலை உயர்த்தினான். "எலி ஒயரைக் கடிக்கும். ஒத்துக்கறேன். கடிச்ச இடத்துல டேப் சுத்திட்டுப் போகுமா சார்?"

மகன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் காம்பு உடைந்த இடத்திலும் அதே பச்சை டேப்.

"ரெண்டு கால் எலி போல," என்றார் பெஞ்சில் ஒருவர். பெஞ்சே குலுங்கியது.

பெரியவர் ஸ்டீயரிங்கைத் துடைப்பதை நிறுத்தவில்லை. மகன் தெருவில் இறங்கி நடந்தே போய்விட்டான்.

ஒயரை ஒட்டட்டுமா என்று மின்னல் கேட்டதற்கு, இப்போது வேண்டாம், பஸ்ஸர் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பெரியவரும் காரை எடுத்துக்கொண்டு போனார். அன்று முழுக்க, வந்தவர் போனவருக்கெல்லாம் மின்னல் எலிக் கதையைச் சொன்னான். கடைப் பேர் பிழைத்தது.

ஒரு வாரம் கழித்துப் பெரியவர் தனியாக வந்தார்.

"அந்த பஸ்ஸரை மாட்டிடு தம்பி."

"தாராளமா. கத்தரிக்கோலை மட்டும் இங்கே கொடுத்துட்டுப் போயிடுங்க."

சிரிப்பார் என்று பார்த்தான். அவர் சிரிக்கவில்லை.

"இனிமே அதுக்கு வேலை இல்லப்பா," என்றார்.

அவன் வேலை பார்க்கப் பார்க்க, அவராகவே மெதுவாகச் சொன்னார். மனைவிக்கு நெஞ்சு வலித்தபோது, வெறும் வாயு என்று சொல்லிப் படுக்க வைத்தது அவர்தானாம். விடிவதற்குள் அந்த அம்மா போய்விட்டார். அதிலிருந்து மூன்று வருஷமாக, ஒரே வீட்டில் இருந்தும் மகன் அவரோடு பேசுவதில்லை. வேளா வேளைக்குச் சாப்பாடு வரும். மாத்திரை வரும். பேச்சு மட்டும் வராது.

"பழைய பஸ்ஸர் செத்த மறுநாள் காலைலதான் தம்பி, முதல் தடவையா வண்டி தள்ள வந்தான். பின்னாடி நின்னுகிட்டு, 'ரெண்டாவது கியர்ல போடுங்கப்பா, கிளட்சை விடுங்கப்பா'ன்னான். மூணு வருஷத்துல அன்னிக்குத்தான் என்னை அப்பான்னான்."

மின்னலின் கையில் ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது. பெஞ்சில் அன்றைக்கு யாரும் இல்லை.

"இப்ப... தள்ள வர்றதில்லையா?"

"தள்ளவே வேண்டாமே. இங்கேருந்து நடந்து போனானே, அன்னிக்குச் சாயங்காலமே புது பேட்டரியும் ஒரு சார்ஜரும் வாங்கிட்டு வந்து வண்டிப் பக்கத்துல வெச்சுட்டான்."

மின்னல் பஸ்ஸரின் ஸ்க்ரூவை முடுக்கினான். ஏதாவது பேசினால் தேவலை போலிருந்தது. சார்ஜர் இருக்கும்போது லைட் எரிந்தால் எரியட்டுமே, பஸ்ஸர் எதற்கு என்று கேட்டான்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, காம்பில் பிரிந்திருந்த பச்சை டேப்பை அழுத்தி ஒட்டினார்.

"லைட்டை அணைக்காம இறங்குனா, அது ஒண்ணாவது என்னைத் திட்டட்டும் தம்பி."