அந்தப் பக்கத்துக்காரர்கள்

“மேல அடிக்காத! மேல அடிச்சா உன் தலையிலதான் விழும். கீழேருந்து நாலாவது வரிசையில போடு!” நாற்காலியில் உட்கார்ந்தபடியே கத்தினார் மேஸ்திரி.

அவர் மனைவி சம்மட்டியைத் தாழ்த்திப் பிடித்தாள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுவதால் தெருவில் அவளுக்கு பஸ் அக்கா என்று பெயர். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கைக்குச் சம்மட்டி புதிது. கோபம் புதிதல்ல.

“எங்க பூங்காவை முழுங்கி ஏப்பம் விட்டவங்க காதுல விழட்டும்” என்று சொல்லி ஓங்கிப் போட்டாள். செங்கல் தூள் பறந்தது.

சுவர் எழும்பி ஐந்து மாதமாகிறது. அதற்கு முன் இந்தப் பக்கம் இவர்களுடைய வரிசை வீடுகள், அந்தப் பக்கம் தோட்டம் வைத்த பெரிய வீடுகள், நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பூங்கா. வரிசை வீடுகளுக்கு வரைபடம் போட்ட புண்ணியவான் வீட்டுக்கு ஒரே ஒரு பெரிய ஜன்னல்தான் வைத்தான். அதையும் பூங்காவைப் பார்த்து வைத்தான். இப்போது திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் சுவர். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு சமைக்க வேண்டியிருந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். சாரம் சரிந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட மேஸ்திரி, தடியூன்றி மறுபடி நடக்கப் பழகியது அந்தப் பூங்காவில்தான். முதலில் பத்தடி, அப்புறம் பாதித் தூரம், ஒருநாள் முழுச் சுற்று. அன்றைக்கு அவர் குழந்தை மாதிரி சிரித்தார். சுவர் வந்ததும் நாற்காலியோடு நாற்காலியாகிவிட்டார். வாசல் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே எங்கே நடப்பது?

இரண்டு பக்கத்து வீடுகளையும் கட்டி விற்ற கம்பெனியின் ஆபீசுக்கு நாலு தரம் நடையாய் நடந்தாள். “நாங்க என்னம்மா பண்றது? அந்தப் பக்கத்துக்காரங்க விலை பேசி வாங்கிட்டாங்க. அவங்க இடம், அவங்க சுவர்” என்று கையை விரித்தார் மேனேஜர்.

பெரிய வீடுகளின் வாசலுக்கே போய் நின்றாள். காவலாளி கதவைக்கூடத் திறக்கவில்லை. “நீங்க வரிசை வீட்டு ஆளுதானே? உங்க ஆளுங்க யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எல்லாரும் உங்க மேல கொதிச்சுப்போய் இருக்காங்க” என்றான் கம்பிக்குப் பின்னாலிருந்து.

“இடத்தையும் பிடுங்கிக்கிட்டு எங்க மேலயே கோவமா? நல்லாயிருக்கே நியாயம்!” அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும்தான் மேஸ்திரியின் பழைய சாமான் மூட்டையிலிருந்து சம்மட்டியை உருவினாள். லாரி வராத ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

இப்போது சுற்றிலும் தெருவே கூடி நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார் பக்கத்து வீட்டுத் தையல்காரர்.

“அஞ்சு மாசமா லாரி லாரியா என்னத்தையோ உள்ள கொண்டுபோறாங்க. நீச்சல் குளம் கட்டுறாங்களோ என்னமோ” என்றார். “ஆனா ஒண்ணு கவனிச்சியா அக்கா? ஒரு பிள்ளை விளையாடுற சத்தம்கூட இதுவரைக்கும் வந்ததில்ல.”

“பணக்காரப் பிள்ளைங்கல்ல? சத்தம் போடுறதுக்கும் சம்பளத்துக்கு ஆள் வெச்சிருப்பாங்க” என்று சொல்லி இன்னொரு போடு போட்டாள்.

கூட்டம் சிரித்தது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. “கலவையில பாதிக்குப் பாதி மண்ணு. இதைக் கட்டினவன் என்கிட்ட வேலைக்கு வந்திருந்தா அன்னிக்கே விரட்டியிருப்பேன்” என்று முணுமுணுத்தார். தொழில் சுத்தம் அவருக்கு.

பத்தாவது அடியில் ஒரு கல் உள்ளே போய் விழுந்தது. அதன் பிறகு நாலு, எட்டு என்று பொலபொலவெனக் கொட்டின. ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டதும், தூசி அடங்கும்வரைகூட அவள் பொறுக்கவில்லை.

“பார்த்து! சண்டை போடாத!” என்றார் மேஸ்திரி.

“சண்டை போடத்தானே போறேன்!” சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சம்மட்டியோடு உள்ளே நுழைந்தாள்.

நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மரங்கள் இல்லை. நடைபாதை இல்லை. நீச்சல் குளமும் இல்லை. வரிசை வரிசையாக அஸ்திவாரப் பள்ளங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பெரிய வீடுகள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. பள்ளங்களைத் தாண்டி, இதே உயரத்தில், இதே செங்கல்லில் இன்னொரு சுவர் நின்றது.

சம்மட்டியைக் கீழே போட்டாள். ஆனால் இடிக்கிற சத்தம் நிற்கவில்லை.

எதிர்ச் சுவர் அதிர்ந்தது. ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. பிறகு ஒரு பெரிய துண்டே சரிந்தது. அந்த ஓட்டைக்குள்ளிருந்து, மூக்குக்கண்ணாடியெல்லாம் செங்கல் தூளாக, கையில் கடப்பாரையோடு ஒரு நரைத்த தலை எட்டிப் பார்த்தது. அந்த அம்மாளுக்குப் பின்னால் ஏழெட்டு முகங்கள், எல்லாவற்றிலும் ஆத்திரம்.

பஸ் அக்காவைக் கண்டதும் அந்த அம்மாள் கடப்பாரையை நீட்டிக் கத்தினாள்:

“எங்க பூங்காவை வளைச்சுப் போட்டது நீங்கதானே?”