நாலாவது காரணம்

"ஒரு மனிசன் நாடு விட்டு நாடு போறதெண்டால் மூண்டே மூண்டு காரணந்தான். சண்டை, வேலை, கலியாணம். நாலாவதைக் கண்டுபிடிச்சவன் இன்னும் பிறக்கேல்லை."

குகதாசன் இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. சிரித்துச் சொன்னால் அது அபிப்பிராயம் ஆகிவிடும். அவர் சொன்னது சட்டம். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். பிரேசில் மாம்பழமும் தாய்லாந்து அரிசியும் தாமாகவே அவர் காலடியில் வந்து இறங்கும்போது, அவர் உலகத்தைத் தேடிப் போவானேன்?

"அப்ப தாட்சாயினி?" என்றார் வரதராசா. ஓய்வுபெற்றவர். தினமும் வந்து முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துவிட்டு, வாங்காமல் போவார். "அவ சீனாவுக்குப் போனது எந்தக் காரணம்?"

"அது விசர், அண்ணை. காரணத்திலை சேராது."

அந்தச் சீனப் பைத்தியம் பாரிசின் புறநகரான ஒபர்வில்லியேயில் தொடங்கியது. அங்கே சீனர்களின் துணிக் கிடங்கில் பகுதிநேரமாக லேபல் ஒட்டப் போன தாட்சாயினி, ஆறாம் மாதம் முதலாளியம்மாவோடு சீன மொழியிலேயே சண்டை பிடித்து வென்றாள். பிறகு பல்கலைக்கழகத்தில் அதையே பாடமாக எடுத்தாள். அங்கிருந்து நாலு பேரைச் சீனாவுக்கு ஓர் அரையாண்டு படிக்க அனுப்பினார்கள். நாலில் ஒருத்தி அவள். ஷியாமென் என்ற கடற்கரை நகரம். விமான நிலையத்தில் குகதாசன் இரண்டு கிலோ வறுத்த மிளகாய்த்தூளைக் கையில் கொடுத்து, "இது முடியமுதல் வந்திடு" என்று மட்டும் சொன்னார்.

"படிப்பாவது பரவாயில்லை. லீவு நாளிலை ஊர் பாக்கத் திரியிறாளாம்! சும்மா பாக்க! ஒரு நாட்டைப் பாக்கிறதுக்கு அங்கை போகவேணுமே? பிறகு என்னத்துக்கு ரி.வி.?"

தொலைபேசி சிணுங்கியது. திரையில் தாட்சாயினி. பின்னால் ரயில் ஜன்னலில் மலைகள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னப்பா, கடையிலை சனமோ?"

"ஒருத்தருமில்லை. வரதராசா அண்ணைதான்."

"அப்ப நான் சனமில்லையோ?" என்றார் வரதராசா.

அவள் சிரித்துவிட்டுப் பொழியத் தொடங்கினாள். குவெய்லினுக்குப் போகும்போது பதினொரு மணித்தியால ரயிலில் நிற்கத்தான் இடம் கிடைத்ததாம். பாதி வழியில் ஒரு கிழவர் தன் இருக்கையில் பாதியையும் அவித்த முட்டை ஒன்றையும் தந்தாராம். குவெய்லினில் மலைகள் பானைகளைக் கவிழ்த்து வைத்ததுபோல நின்றனவாம்.

"காலமைச் சாப்பாடு என்ன தெரியுமோ? அரிசி நூடில்ஸ். இடியப்பத்தைச் சொதிக்குள்ளை தாட்டு விட்ட மாதிரி."

"சொதி தண்ணியாத்தான் இருந்திருக்கும்" என்றார் குகதாசன்.

"போன கிழமை சுவான்சோவிலை ஒரு மியூசியம். எழுநூறு வருசத்துக்கு முந்தி எங்கடை ஆக்கள் அங்கை கட்டின சிவன் கோயில்! அந்தக் கல்லெல்லாம் வைச்சிருக்கினம். தமிழ் எழுத்தைப் பாத்து அழுதிட்டன். பழைய எழுத்து, ஒண்டும் விளங்கேல்லை. கீழை சீனத்திலை எழுதியிருந்த விளக்கம் முழுக்க விளங்கிச்சுது!"

வரதராசா முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு விசயம் கேக்கவேணும்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இன்னொரு செமெஸ்தர் இருந்து படிக்கச் சொல்லுகினம். ஜூன் வரைக்கும். நாளைக்கு முடிவு சொல்லவேணும். நீங்கள் வேண்டாமெண்டால் இந்த மாதமே வந்திடுவன்."

குகதாசன் கல்லாவைத் திறந்தார். மூடினார். நாலரை மாதமாக வீட்டில் ஒற்றைத் தட்டில் சாப்பிட்டு, அதையே கழுவிக் கவிழ்க்கிறவர். 'வா' என்ற ஒரு சொல் போதும். அடுத்த கிழமை வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும்.

"மிளகாய்த்தூள் முடிஞ்சிருக்குமே?" என்றார்.

"அது எப்பவோ முடிஞ்சுது. இஞ்சத்தை மிளகாய் பழகிட்டுது."

அது அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் திரையில் அந்த முகம். லேபல் ஒட்டிவிட்டு வந்து சோபாவில் சாய்ந்து கிடந்த முகமில்லை. இப்படி ஒரு வெளிச்சத்தை அவர் அதில் கண்டதில்லை.

"இரு. படி" என்றார். "சும்மா இஞ்சையை நினைச்சுக்கொண்டு நிக்காமல் ஒழுங்காய்ப் படி."

அவள் பதில் சொல்லுமுன் ரயில் சுரங்கத்துக்குள் போய்விட்டது.

"பிறகென்ன குகதாசன், நாலாவது காரணம் பிறந்திட்டுதோ?" என்றார் வரதராசா.

"பிறக்கேல்லை" என்றார் குகதாசன், மிகுந்த கண்டிப்புடன். "சட்டம் சட்டந்தான்."

அடுத்த செவ்வாய்க்கிழமை, சாமான் எடுக்கப் போவதாகச் சொல்லிக் கடையைப் பூட்டினார். நேரே போய் நின்றது சீன விசா அலுவலகத்து வரிசையில். படிவத்தில் பயணத்தின் நோக்கம் கேட்டிருந்தார்கள். வேலை, வியாபாரம், படிப்பு, சுற்றுலா. லா சப்பல் முகம் எதுவும் அக்கம்பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கடைசிக் கட்டத்துக்குள் மெல்ல ஒரு புள்ளடி போட்டார்.

கவுண்டரில் இருந்த பெண் படிவத்தைப் புரட்டினாள். "சீனாவில் தெரிந்தவர், தாட்சாயினி குகதாசன், பல்கலைக்கழக மாணவி..." அவள் நிமிர்ந்து புன்னகைத்தாள். "உங்கள் மகளா?"

"இல்லை, என் மனைவி" என்றார் குகதாசன். "நாற்பத்தெட்டு வயது. வகுப்பில் முதலாவது."