எட்டாத கை

இன்குபேட்டரின் கண்ணாடிமேல் தாய்லாந்தின் உபோன் நகரத்துக் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. உள்ளே லம்துவானின் மகன் கண்மூடிப் படுத்திருக்கிறான். வார்டில் எல்லாருக்கும் அவன் தவளைக்குட்டிதான். அழகு என்று சொன்னால் ஆவிகள் தூக்கிக்கொண்டு போய்விடுமாம்; யாரும் வாய் தவறியும் சொல்வதில்லை. முப்பத்தெட்டு நாளாக அவனுக்குச் சாப்பாடும் மருந்தும் கொண்டுபோன, தையல் நூலைப்போல மெல்லிய குழாய் கையில் நுழைந்து நெஞ்சுவரை ஓடுகிறது. இனி அது தேவையில்லை என்று இன்று எடுக்கிறார்கள். நர்ஸ் ரச்சனி ஒட்டுப்பட்டையை நனைத்து நனைத்து உரித்துவிட்டு, ஓர் அரிசி நீளம், இன்னோர் அரிசி நீளமாகக் குழாயை இழுக்கிறாள். பாதியில் அது நின்றுவிடுகிறது. “அறுந்துடுமா அக்கா?” என்கிறாள் லம்துவான். “வம்படியா இழுத்தாத்தான் அறும். உன் தவளையோட நரம்பும் என்னை மாதிரிதான், அதட்டுனா முறுக்கிக்கும். கொஞ்சம் பொறு.” வெதுவெதுப்பான துணியைக் குழந்தையின் தோளில் வைத்துவிட்டு ரச்சனி காத்திருக்கிறாள். மானிட்டர் மட்டும் சிணுங்குகிறது. லம்துவானின் மணிக்கட்டில் வெள்ளை நூல் இருக்கிறது. மகனுக்குக் கட்ட இங்கே அனுமதியில்லை. ஊரில், நோயிலோ பயத்திலோ உடம்பைவிட்டுக் கலைந்த உயிரைத் திரும்பக் கூப்பிட்டு நூல் கட்டும்போது, கை எட்டாதவர்கள் தங்கள் ஆசியும் போய்ச் சேரட்டும் என்று கட்டுகிறவரின் முழங்கையைத் தொட்டுக்கொள்வார்கள். அவள் கை தானாக நீண்டு ரச்சனியின் முழங்கையில் படுகிறது. வேலை நடக்கும்போது வேறு யாராவது தொட்டிருந்தால் ரச்சனி கடித்துக் குதறியிருப்பாள். “பட்டும் படாமலும் தொட்டா எப்படிடீ? நல்லாத் தொடு” என்கிறாள், தலை நிமிராமல். தரை துடைத்துக்கொண்டிருந்த தோங்மி, துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, லம்துவானின் முழங்கையைத் தொடுகிறாள். குழாய் மெல்ல அசைகிறது.