கொல்லைப்புறத்து மேஜை

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பின்பக்கச் சுவரில் காலை வெயில் பாதிவரை இறங்கியிருக்கிறது. முன்வாசலில் கொரோனா பரிசோதனைக்கு நிற்கும் கூட்டத்தின் சலசலப்பு இங்கே வரை கேட்கிறது. கொடிக்கயிற்றில் பிய்ந்துபோன மாஸ்க்கின் நாடா ஒன்று ஆடுகிறது. அது பறக்கும் பக்கமாகத்தான் இருமுகிறவர்களை நிறுத்துவாள் லேப்காரி. காற்று எப்போதும் அவள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். கொரோனா வந்ததும் சுற்றுவட்டார நிலையங்களில் எல்லோரும் காசநோய்ப் பரிசோதனையை மூட்டை கட்டிவிட்டார்கள், இங்கே ஒருநாள்கூட நிற்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. பஸ் டிரைவர் ஒருவர் மூடிய சளி டப்பாவைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைக்கிறார். "எனக்குத்தான் கொரோனா இல்லன்னு சொல்லிட்டாங்களேம்மா, அப்புறம் எதுக்கு இது?" "ஒரு மாசமா இருமுறீங்களே, அதுக்கு யாரு பதில் சொல்றது?" டப்பாவை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறாள். "இது வெறும் எச்சில்ண்ணே. நல்லா மூச்சை இழுத்து இருமி, நெஞ்சுல இருக்குற சளியைக் கொடுங்க." புது டப்பாவின் பக்கவாட்டில் எண் எழுதித் தருகிறாள், மூடியில் எழுதினால், மூடி மாறும்போது ஆளும் மாறிப் போகும். அவர் சுவரோரம் நகர்வதற்குள் முன்பக்கத்து நர்ஸ் ஓடி வருகிறாள். "அக்கா, அங்க இடமே பத்தல, இந்த மேஜையை எடுத்துக்கவா?" "தாராளமா எடுத்துக்கோ. மேஜையா டெஸ்ட் பண்ணுது?" கால்கள் சிமெண்டுத் தரையில் கிறீச்சிட, மேஜை போகிறது. அடிவயிற்றிலிருந்து இருமி முடித்த டிரைவர் கண்ணில் நீரோடு திரும்பி, டப்பாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் திகைக்கிறார். லேப்காரி கையுறை மாட்டிய உள்ளங்கையை விரித்து நீட்டுகிறாள்.

"இங்க வைங்கண்ணே."